சிலிக்கான் 38: என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்து வருகிறேன். 2010ஆம் ஆண்டு மாடல் போர்ஷே கேமன் எஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இதுவரை 61,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் வீட்டிலிருந்து கம்பெனிக்கு நான்கு கி.மீ. போய், மதியச் சாப்பாட்டுக்கு வந்து திரும்புவேன். மாதம் ஒருமுறை ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போவதுண்டு. 14 மாதங்களில் 9,000 கி.மீ. ஓடிய ஆயிலை (0டபிள்யூ-40) மாற்றும்போது ஆசைக்காகப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரும்பு 24, அலுமினியம் 4, செம்பு 12, காரீயம் 2, வெள்ளீயம் 1, குரோமியம் 1, சிலிக்கான் 38, சோடியம் 6, பொட்டாசியம் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு); 100 டிகிரியில் விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) 11.4, எரிபொருள் கலப்பு 3.6 விழுக்காடு, டி.பி.என். (அமிலத்தை முறிக்கும் சக்தி) 3.1 என அறிக்கை வந்தது. சிலிக்கானை மட்டும் சிவப்புக் கட்டத்தில் போட்டு, ‘புழுதி நுழைவு, உடனடி நடவடிக்கை தேவை’ என்று எழுதியிருக்கிறார்கள். மெக்கானிக், இந்த என்ஜினின் சிலிண்டர் சுவரே சிலிக்கான் கலந்தது என்பதால் போர் (சிலிண்டரின் உட்துளை) தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார். நண்பர் ஒருவர் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் சத்தமில்லாமல் விற்றுவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள திருப்பூர் வாசகருக்கு வணக்கம். என்ஜினை இறக்க வேண்டாம். நீங்கள் அனுப்பியிருக்கும் எண்களில் அதற்கான காரணம் எதுவும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று அந்த அறிக்கையில் இருக்கத்தான் செய்கிறது. அது சிவப்புக் கட்டத்தில் இல்லை. கறுப்பு எழுத்தில், யாரும் விரல் வைக்காத இரண்டு வரிகளில் இருக்கிறது.

முதலில் அந்தச் சிவப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் பழைய ஆயில் பரிசோதனை என்பது பெரும்பாலும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளுக்கும், நாமக்கல் லாரிகளுக்கும், மில் கம்ப்ரசர்களுக்கும், பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளின் கியர்பாக்ஸ்களுக்கும் செய்யப்படுவது. எனக்கும் அன்றாட வேலை அவைதான். அந்த இயந்திரங்களுக்கென்று பொதுவாக வைத்திருக்கும் எல்லை எண்களைக் கணினி எடுத்துக்கொண்டு, சிலிக்கான் 25ஐயோ 30ஐயோ தாண்டினால் தானாகவே சிவப்பு அடித்துவிடும். வந்திருப்பது டீசல் லாரியின் ஆயிலா, நேரடியாக பெட்ரோல் பீய்ச்சும் ஆறு சிலிண்டர் படுக்கை என்ஜினின் ஆயிலா, புதிய ஆயிலில் ஏற்கெனவே எவ்வளவு சிலிக்கான் இருந்தது, ஆயில் எத்தனை கி.மீ. ஓடியது என்பவற்றையெல்லாம் அது கேட்பதில்லை. நூல் வாங்கும்போது கவுன்ட், வலிமை, சீர்மை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தானே ஒரு லாட்டைத் திருப்பி அனுப்புவீர்கள்? ஆயில் அறிக்கையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஓர் எண்ணை மற்றோர் எண்ணோடும், புதிய ஆயிலின் எண்ணோடும், ஓடிய தூரத்தோடும் ஒப்பிட்டால்தான் அது எதையாவது சொல்லும்.

இனி சிலிக்கானுக்கு வருவோம். பெட்ரோல் என்ஜின் ஆயிலுக்குள் சிலிக்கான் வருவதற்கு நான்கு வழிகள் உண்டு. நுரை கட்டாமலிருக்க ஆயில் தயாரிப்பாளரே சிறிதளவு சிலிகோன் சேர்த்திருப்பார். புதிய ஆயிலிலேயே சில பி.பி.எம். அதனால் காட்டும். உங்கள் கணக்கில் அதற்கு ஐந்தைக் கழித்துவிடுவோம், மீதி 33. இரண்டாவது வழி, காற்று வடிகட்டியைத் தாண்டி வரும் புழுதி. மூன்றாவது, உங்கள் மெக்கானிக் சொல்வது போல சிலிண்டர் சுவர். நான்காவது, யாரும் நினைத்துப் பார்க்காத வழி, பழுது பார்க்கும்போது கேஸ்கெட்டுக்குப் பதிலாகவோ அதற்கு மேலாகவோ பூசும் சிலிகோன் சீலன்ட்.

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. 2009 மாடலிலிருந்து வந்த இந்த 3.4 லிட்டர் என்ஜினில் சிலிண்டருக்குத் தனியாக இரும்பு லைனர் கிடையாது. ஏறத்தாழ 17 விழுக்காடு சிலிக்கான் கலந்த, ஆல்யுசில் எனப்படும் அலுமினியக் கலவையிலேயே பிளாக் முழுவதும் வார்க்கப்பட்டு, கடினமான சிலிக்கான் மணிகள் மேலே தெரியும்படி சுவர் மெருகேற்றப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கலவையில் சிலிக்கானைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாக அலுமினியம் இருக்கிறது. அந்த 33 பி.பி.எம். சிலிக்கானும் சுவர் தேய்ந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், அலுமினியம் 150ஐத் தொட்டிருக்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது 4. இது துல்லியமான வாய்ப்பாடு அல்ல. சுவர் தேயும்போது இரண்டும் அதே விகிதத்தில் ஆயிலுக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், அந்தச் சுவரில் உள்ள சிலிக்கான் மணிகள் பெரும்பாலும் பருமனானவை என்பதால், பரிசோதனைக் கருவிக்கு அவற்றைவிட அலுமினியத் துகள்தான் எளிதில் புலப்படும். தராசு இன்னும் அலுமினியப் பக்கம்தான் சாய வேண்டுமே தவிர, சிலிக்கான் பக்கம் சாய வழியில்லை.

புழுதியா என்றால், அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. நம் செம்மண்ணிலும், காரணம்பேட்டைப் பக்கத்து ஜல்லி கிரஷர் தூசியிலும் சிலிக்கானோடு அலுமினியமும் சேர்ந்தே இருக்கும். மண்ணுக்கு மண் மாறினாலும், அலுமினியத்தைப் போல் இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை சிலிக்கான் இருப்பது வழக்கம். உங்களுக்கு எட்டு மடங்கு இருக்கிறது. அதைவிட முக்கியம், புழுதி உள்ளே போனால் சும்மா இருக்காது. பிஸ்டன் ரிங்குகளையும் சுவரையும் அரைத்துக்கொண்டுதான் ஆயிலுக்கு வந்து சேரும். கூடவே இரும்பையும் குரோமியத்தையும் இழுத்து வரும். 9,000 கி.மீ.க்கு இரும்பு 24 என்றால் ஆயிரம் கி.மீ.க்கு மூன்றுக்கும் குறைவு, குரோமியம் 1. புழுதி தின்ற என்ஜினின் கணக்கு இப்படி வராது. ரிக் வண்டிகளில் பாறைத் தூள் புகுந்த ஆயிலைப் பார்த்தால் இந்த நான்கு தனிமங்களும் தோளோடு தோள் சேர்ந்து ஏறியிருக்கும்.

ஆக மிஞ்சுவது சீலன்ட். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், ‘போன ஆயில் மாற்றத்தின்போது கசிவு இருந்ததால் டைமிங் கவரைக் கழற்றிப் புது பேஸ்ட் வைத்து ஒட்டினார்கள்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி அறிக்கையைவிடப் பயன்பட்டது. புதிதாகப் பூசிய சிலிகோன் சீலன்டிலிருந்து சிலிக்கான் கரைந்து ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் படிப்படியாகக் குறைந்துபோகும். அது எதையும் அரைக்காது. பரிசோதனைக் கருவிக்கு மணலில் உள்ள சிலிக்கானும் சீலன்டில் உள்ள சிலிக்கானும் ஒன்றுதான். வேறுபாட்டைப் படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த அறிக்கையில், ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு, சிலிக்கான் பாதியாகக் குறைந்து, இரும்பு அப்படியே இருந்தால் விஷயம் முடிந்தது. குறையாமல் நின்றாலோ, அலுமினியமும் கூட ஏறினாலோ மட்டும் புழுதியின் பக்கம் திரும்ப வேண்டும்.

இருந்தாலும் செலவில்லாத ஒரு சோதனையை இப்போதே செய்துவிடுங்கள். காற்று வடிகட்டியைக் கழற்றி, அதன் ரப்பர் விளிம்பு முழுச் சுற்றும் சீராக அமர்ந்திருந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வடிகட்டிக்கு அடுத்த குழாயின் உட்புறத்தை வெள்ளை பனியன் துணியால் துடைத்துப் பாருங்கள். உங்களிடம் வெட்டுத் துணிக்குப் பஞ்சம் இருக்காது. துணியில் சொரசொரவென்று மண் ஒட்டினால் என் வாதம் பலவீனமாகிவிடும். வெறும் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் என்றால் அது இயல்பு. முந்தைய உரிமையாளர் எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டி ஏதேனும் மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு, கம்பெனிக் காகித வடிகட்டியையே போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் ஊரில் அந்தப் பஞ்சு வடிகட்டி தரும் பலன், அது விடும் தூசிக்கு ஈடாகாது.

மற்ற உலோகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செம்பு 12 தனியாக நிற்கிறது. பேரிங் தேய்மானம் என்றால் வழக்கமாக வெள்ளீயமோ காரீயமோ துணைக்கு வரும். ஆயில் கூலர் போன்ற பாகங்களிலிருந்தும் செம்பு கரைந்து வருவதுண்டு. ஆனால் காரீயம் 2 என்பதைப் பார்த்து மட்டும் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஐரோப்பிய என்ஜின்கள் பலவற்றில் காரீயம் இல்லாத பேரிங்குகள் வந்துவிட்டதால், அந்த எண் முன்பு போல் சாட்சி சொல்வதில்லை. செம்பு, வெள்ளீயம், அலுமினியம் மூன்றும் அடுத்தடுத்த அறிக்கைகளில் எப்படிப் போகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். சோடியம், பொட்டாசியம் அளவுகளைப் பார்த்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை. இடையில் ஒரு லிட்டர் டாப்-அப் செய்ததாகச் சொல்கிறீர்கள்; அதனால் எல்லா உலோக எண்களும் பத்து, பன்னிரண்டு விழுக்காடு குறைத்துக் காட்டியிருக்கலாம். அதைச் சேர்த்துக்கொண்டாலும் என் கருத்து மாறாது. மாறாக, 9,000 கி.மீ.க்கு ஒரே ஒரு லிட்டர் குடித்த என்ஜினில் போர் கீறியிருக்கிறது என்று நம்புவது எனக்குக் கடினம்.

இப்போது யாரும் விரல் வைக்காத அந்த இரண்டு வரிகள்: விஸ்காசிட்டி 11.4, எரிபொருள் 3.6.

40 கிரேடு ஆயில் என்பது 100 டிகிரி சூட்டில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (விஸ்காசிட்டியின் அலகு) இருக்க வேண்டும். புதிய 0டபிள்யூ-40 பொதுவாக 13, 14 என்ற அளவில் இருக்கும். 11.4 என்றால் உங்கள் ஆயில் 30 கிரேடாக இறங்கிவிட்டது. போர்ஷே தன் கார்களுக்கான ஆயிலுக்கு ஏ40 என்ற ஒப்புதலை வைத்திருப்பதே, கொதிக்கும் சூட்டிலும் பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையில் ஆயில் படலம் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கல்லாறிலிருந்து குன்னூருக்கு இரண்டாவது கியரில் இழுத்து ஏறும்போதும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் முடுக்கி முடுக்கி விடும்போதும், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு காலை முழுக்கச் சுற்றும்போதும் அந்தப் படலம்தான் என்ஜினைக் காப்பாற்றுகிறது. அது மெலிந்திருப்பது, சீலன்டிலிருந்து கரைந்த சிலிக்கானைவிடப் பல மடங்கு கவலைக்குரியது.

மெலிந்ததற்குக் காரணம் உங்கள் நான்கு கி.மீ. ஓட்டம். இந்த என்ஜினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. அதில் ஒரு பகுதி எரியாமல் குளிர்ந்த சுவரில் படிந்து, ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் வழிகிறது. நீண்ட தூரம் ஓடினால் ஆயில் சூடேறி அந்தப் பெட்ரோலின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். நீங்களோ நாளைக்கு நான்கு முறை ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆயில் சூடேற அதைவிட நேரம் பிடிக்கும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில், எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும். பெட்ரோலின் கனமான பகுதிகளுக்கு அதைவிட வெகு அதிகச் சூடு வேண்டியிருப்பதால் அவைதான் தங்கிவிடுகின்றன. பொதுவாக 2 விழுக்காட்டைத் தாண்டினால் கவனிக்கலாம். 5ஐ நெருங்கினால் தயங்காமல் ஆயிலை மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

ஆனால் அந்த 3.6ஐ அப்படியே நம்பும் முன் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பரிசோதனைக் கூடம் அதை எப்படி அளந்தது? ஆயிலில் கலந்த பெட்ரோலைத் தனியே பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராபி முறையில் அளந்தால் நம்பலாம். விஸ்காசிட்டி இறங்கியிருப்பதைப் பார்த்துக் கணித்துப் போட்டிருந்தால் அது ஊகம்தான். ஏனெனில் பெட்ரோல் கலக்காமலேயே, ஆயிலின் கெட்டித்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர் சங்கிலிகள் அறுந்துபோவதாலும் விஸ்காசிட்டி இறங்கும். தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இரண்டு, மாதிரி எடுத்த விதம். வீட்டிலிருந்து பட்டறைக்கு ஓட்டிப் போய், வடிகால் போல்ட்டைத் திறந்ததும் வந்த முதல் ஆயிலைக் கழுவிய தண்ணீர் பாட்டிலில் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறுகிய ஓட்டத்தால் பெட்ரோல் அளவு கூடித்தான் தெரியும். முதலில் வரும் ஆயில் அடியில் தங்கிய கசடையும் போல்ட்டைச் சுற்றியுள்ள அழுக்கையும் அள்ளிக்கொண்டு வரும். அந்த அழுக்கிலும் மண், அதாவது சிலிக்கான், உண்டு. அடுத்த முறை குறைந்தது முப்பது, நாற்பது கி.மீ. நிற்காமல் ஓடிய பிறகு, போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டு, பாதி ஆயில் வடிந்தபின் நடுவில் பிடியுங்கள். பாட்டில் பரிசோதனைக் கூடமே தரும் புதிய, உலர்ந்த பாட்டிலாக இருக்கட்டும். திறக்காத புதிய ஆயிலிலிருந்தும் ஒரு சிறு பாட்டில் கூட அனுப்புங்கள். அந்தக் கூடுதல் கட்டணம் வீண் போகாது.

டி.பி.என். 3.1 என்பது, அமிலத்தை முறிக்கும் சக்தி ஏறத்தாழ தீர்ந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. இந்த எண்ணை அளக்க இரண்டு முறைகள் உண்டு. பழைய ஆயிலில் இரண்டும் வெவ்வேறு எண்களைத் தரும் என்பதால், புதிய ஆயில் டப்பாவின் தகவல் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடும் முன் முறை ஒன்றுதானா என்று பாருங்கள். எப்படியானாலும் 14 மாதம் என்பது இந்த மாதிரி ஓட்டத்துக்கு மிக அதிகம்.

இந்தப் பரிசோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. உலோகங்களை அளக்கும் கருவி, ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட நுண்துகள்களையே எண்ணும். அதைவிடப் பெரிய செதில்கள் எத்தனை இருந்தாலும் அதன் கண்ணில் படாது. சிலிண்டர் சுவர் கீறினாலும், பேரிங் உரிந்தாலும் வருபவை பெரும்பாலும் பெரிய துகள்கள்தான். எனவே அறிக்கை சுத்தமாக இருப்பதே போதுமான சான்றாகாது. உங்கள் காரில் ஆயில் பில்டர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் காகித மடிப்பு என்பதால் வேலை எளிது. அடுத்த முறை அதைத் தூக்கி எறியச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, மடிப்புகளை வெட்டி விரித்து, ஆயிலைப் பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புப் பொடியும், எண்ணிவிடக்கூடிய ஒன்றிரண்டு மினுக்குகளும் இயல்பு. ஜரிகை தூவியது போல் மினுங்கினால், ஒரு காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்திப் பாருங்கள். காந்தத்தோடு நகர்ந்தால் இரும்பு. நகராவிட்டால் அலுமினியமோ பேரிங் உலோகமோ. அப்படி ஏதேனும் தெரிந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, தலை வளையும் போர்ஸ்கோப் கேமராவால் ஆறு சிலிண்டர்களின் சுவர்களையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். கோவையில் இதைச் செய்துகொடுக்கும் பட்டறைகள் உண்டு. சுவரில் நெடுக்காகக் கோடுகள் படத்தில் தெரிந்தால் அப்போது என்ஜினை இறக்குவதைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் பேசுவது, என்ஜினைப் பிரிக்கிறவருக்கு மட்டுமே லாபம்.

20டபிள்யூ-50 யோசனையை விட்டுவிடுங்கள். கெட்டியான ஆயிலை ஊற்றினால் பெட்ரோல் கலப்பது நிற்காது. அறிக்கையில் விஸ்காசிட்டி எண் மட்டும் அழகாகத் தெரியும். இந்த என்ஜினின் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. மெல்லிய ஆயிலை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. அதே சமயம் நண்பரின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. மார்கழி விடியலிலும் பனி உறையாத ஊரில் 0டபிள்யூ என்ற குளிர்கால வசதியால் நமக்குப் பெரிய பயன் இல்லை. ஏ40 ஒப்புதல் பெற்ற 5டபிள்யூ-40 ஆயில்களும் கிடைக்கின்றன. அவற்றில் பொதுவாக அறுந்துபோகும் பாலிமர் குறைவு என்பதால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் ஊற்றுவேன்.

புதிய ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். வாரம் ஒரு நாளாவது அவிநாசியில் நெடுஞ்சாலை ஏறி, பெருந்துறை வரை நிற்காமல் போய்த் திரும்புங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வேறு வண்டியில் போக முடிந்தால் இன்னும் நல்லது. இப்போது ஊற்றியிருக்கும் ஆயிலில் 3,000 கி.மீ. ஆனதும், மேலே சொன்ன முறைப்படி ஒரு மாதிரி எடுத்து அதே பரிசோதனைக் கூடத்துக்கே அனுப்புங்கள். கூடம் மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும். பாட்டிலின் மேல் ஆயில் ஓடிய தூரம், மொத்தத் தூரம், டாப்-அப் அளவு, ஆயிலின் பெயர், கடைசியாக மலை ஏறிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின்னும் எரிபொருள் 3 விழுக்காட்டுக்கு மேல் நின்றால், குறை உங்கள் ஓட்டத்தில் இல்லை. இன்ஜெக்டர் ஏதேனும் சொட்டுகிறதா, உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். அவற்றுக்கும் என்ஜினை இறக்கிப் பிரிக்கத் தேவையில்லை.

விற்பதைப் பற்றி: சிவப்புக் கட்டம் போட்ட ஒரே ஓர் அறிக்கையோடு விற்கப் போனால், வாங்க வருகிறவரும் உங்கள் மெக்கானிக் சொன்னதையே சொல்லி விலையைக் குறைப்பார். அறிக்கையை மறைத்து விற்பது உங்களுக்கு அழகல்ல. விற்பதானால், சிலிக்கான் இறங்கிய இரண்டாவது அறிக்கையும், பில்டர் மடிப்பின் படமும், சீலன்ட் பூசிய பட்டறை பில்லும் கையில் வந்த பிறகு விலை பேசுங்கள்.